கலிஃபோர்னியாவில் வீட்டுப் பத்திரத்தை டிரஸ்டுக்கு மாற்றிக் கவுண்டியில் பதிவு செய்யும் முறை

சொத்தை வாரிசுகளுக்குச் சேர்ப்பதற்கான ஏற்பாடான குடும்ப டிரஸ்டை எழுதிக் கையெழுத்திட்ட பிறகும் வீட்டுப் பத்திரத்தை மாற்றாமல் விட்டுவிடுபவர்கள் பலர். அப்படி விட்டால், இறந்தவரின் சொத்தை வாரிசுகளுக்கு மாற்றித்தரும் எந்த புரோபேட் நீதிமன்றத்தைத் தவிர்ப்பதற்காக டிரஸ்ட் எழுதினோமோ அதையே வாரிசுகள் நாட வேண்டி வரும். எங்கள் வீட்டுப் பத்திரத்தை நாங்களே மாற்றிப் பதிவு செய்த முறையை இங்கே விளக்குகிறேன். கணவனும் மனைவியும் தாங்கள் குடியிருக்கும் வீட்டைத் தங்களது ரத்து செய்யத்தக்க டிரஸ்டுக்கு மாற்றும் எளிய நிலைக்கு மட்டுமே இது பொருந்தும்.

தமிழ்நாட்டில் எழுதிக்கொடுப்பவரும் சாட்சிகளும் சார்பதிவாளர் முன் நேரில் வர வேண்டும். இங்கே அடையாளத்தைச் சரிபார்ப்பவர் நோட்டரி. கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதியின்) பதிவாளர் தாளின் வடிவம், நோட்டரி சான்று, கட்டணம், உடன்வரும் படிவங்கள் ஆகியவற்றைப் பார்க்கிறார். பத்திரம் சட்டப்படி செல்லுமா என்பதை ஆராய்ந்து மறுப்பது அவர் வேலையன்று. ஆகவே பிழையான பெயரோடும் ஒரு பத்திரம் பதிவாகிவிடலாம். அந்தப் பிழை பல ஆண்டுகள் கழித்து வீட்டை விற்கும்போதோ மறுகடன் வாங்கும்போதோதான் வெளிப்படும்.

முதல் படி, வீடு வாங்கியபோது பதிவான பத்திரத்தின் நகலைக் கையில் எடுத்துக்கொள்வது. வீடு எந்தக் கவுண்டியில் இருக்கிறதோ அங்கேதான் பதிவு செய்ய வேண்டும்: ஃபிரிமான்ட் வீடு அலமீடா கவுண்டியைச் சேர்ந்தது, சன்னிவேல் வீடு சான்டா கிளாரா கவுண்டியைச் சேர்ந்தது. பழைய பத்திரத்திலுள்ள நில விவரத்தை, அதாவது லாட் (மனை) எண், டிராக்ட் (மனைப்பிரிவு) எண், வரைபடப் புத்தகம், பக்கம் ஆகியவற்றை, ஒரு காற்புள்ளிகூட மாறாமல் புதிய பத்திரத்தில் எழுத வேண்டும். வரி ரசீதிலுள்ள, சொத்துவரி மதிப்பீட்டாளர் மனைக்குத் தரும் ஏ.பி.என். எண்ணும் தெரு முகவரியும் அதற்கு ஈடாகா.

அடுத்து பத்திரத்தை எழுதுதல். தனக்கிருக்கும் உரிமையை எந்த உறுதிமொழியுமின்றி விட்டுக்கொடுக்கும் குவிட்கிளைம் பத்திரத்தைவிட கிராண்ட் டீட் வகையையே நான் விரும்புகிறேன். இதே சொத்தை முன்பு வேறு எவருக்கும் எழுதிக்கொடுக்கவில்லை என்ற உறுதிமொழியை அதற்குச் சட்டமே தருகிறது. படிவத்துக்குப் பணம் கேட்கும் தளங்கள் தேவையில்லை. சாக்ரமென்டோ கவுண்டி சட்ட நூலகத்தின் இலவசப் படிவங்களும் வழிகாட்டிகளும் போதும்.

எனக்கு அதிக நேரம் பிடித்தது பெயர்தான். நம்மவர்கள் பலருக்கும் அப்படியே இருக்கும். பதிவேட்டின் அட்டவணை கொடுப்பவர், பெறுபவர் பெயர்களைக் கொண்டே அமைந்திருப்பதால், பழைய பத்திரத்தில் எந்தப் பெயரில் உரிமை பெற்றோமோ அந்தப் பெயர் புதிய பத்திரத்தில் கொடுப்பவர் இடத்தில் வராவிட்டால் உரிமைச் சங்கிலி அறுந்ததுபோல் தோன்றும். வீடு வாங்கும்போது தந்தை பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டிருந்த மனைவி, பிறகு குடியுரிமை பெற்றபோது கணவர் பெயருக்கு மாறியிருக்கலாம். இனிஷியல் விரிந்து முன்பெயரும் பின்பெயரும் இடம் மாறியிருக்கலாம். அப்போது இன்றைய பெயரை எழுதி, 'ஹூ அக்வயர்ட் டைட்டில் ஆஸ்' (இன்ன பெயரில் உரிமை பெற்றவர்) என்ற வழக்கமான தொடரைச் சேர்த்து, அதன்பின் பழைய பெயரை அப்படியே எழுத வேண்டும். பெறுபவர் இடத்தில் டிரஸ்டின் பெயரை மட்டும் எழுதாமல், டிரஸ்டிகளாக, அதாவது டிரஸ்டை நிர்வகிப்பவர்களாக, உங்கள் பெயர்களையும் டிரஸ்டின் பெயரையும் அது எழுதப்பட்ட தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.

முதல் பக்கத்தின் மேற்புறம் இரண்டரை அங்குலத்தில், இடப்பக்கம் பதிவு கோருபவரின் பெயரும் பத்திரத்தைத் திருப்பி அனுப்ப வேண்டிய முகவரியும் வரும். வலப்பக்கம் பதிவாளரின் முத்திரைக்கானது, அதில் எதுவும் படக் கூடாது. வரி ரசீது அனுப்ப வேண்டிய முகவரியும் பத்திரத்தில் இருக்க வேண்டும். கவுண்டியின் பரிமாற்ற வரி ஆயிரம் டாலருக்கு 1.10 டாலர், டிரஸ்டுக்கு விலையின்றி மாற்றும்போது அது இல்லை. ஆனால் வரி பூஜ்யம் என்பதையும் அதற்கான காரணத்தையும் பத்திரத்திலேயே எழுத வேண்டும். 2018 முதல் நடப்பிலுள்ள 75 டாலர் வீட்டுவசதிக் கட்டணத்துக்கும் குடியிருக்கும் உரிமையாளருக்கு விலக்கு உண்டு. அதையும் ஆவணத்திலேயே கோர வேண்டும்.

பிறகு நோட்டரியிடம் செல்லுங்கள். ஒரு கையெழுத்துக்கு அவர் அதிகபட்சம் 15 டாலர் வாங்கலாம். சொத்துப் பத்திரம் என்பதால் அவரது குறிப்பேட்டில் பெருவிரல் ரேகையும் வைக்க வேண்டியிருக்கும்.

பத்திரத்துடன் உரிமை மாற்ற முன்னறிக்கைப் படிவமான பி.ஓ.ஈ. 502-ஏ செல்ல வேண்டும்; இல்லையென்றால் 20 டாலர் கூடுதல். ரத்து செய்யத்தக்க டிரஸ்டுக்கான மாற்றம் என்ற கேள்விக்கு 'ஆம்' என்று குறிப்பது இதில் மிக முக்கியம். 1978ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் நிறைவேறிய 13ஆம் முன்மொழிவு, சொத்துவரிக்கான மதிப்பீட்டின் உயர்வை ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்துகிறது. உரிமை கைமாறும்போது நடக்கும் மறுமதிப்பீட்டை இந்த வகை மாற்றம் தூண்டாது என்று மதிப்பீட்டாளர் அறிவது இந்தப் படிவத்தால்தான்.

அஞ்சலைவிட நேரில் கவுண்ட்டருக்குச் செல்வதே நல்லது. குறை இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பதிவு எண்ணும் முத்திரையும் பெற்ற மூலப் பத்திரம் பிறகு நீங்கள் கொடுத்த முகவரிக்கு வந்துசேரும்.

பிற்சேர்க்கை: வாசகர்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கான விடைகளைச் சேர்த்திருக்கிறேன். வீட்டுக்கடன் இருப்பதால் வங்கி முழுத்தொகையையும் உடனே கேட்குமா என்று ஒருவர் அஞ்சினார். கடன் வாங்கியவர் டிரஸ்டின் பயனாளியாகத் தொடர்ந்து அந்த வீட்டில் குடியிருக்கும்வரை, 1982ஆம் ஆண்டின் கார்ன்–செயின்ட் ஜெர்மைன் கூட்டாட்சிச் சட்டம் அதைத் தடுக்கிறது. இணை உரிமையாளரான தந்தை சென்னையில் இருக்கிறார் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அவர் அங்குள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் முன்பதிவு செய்து கையெழுத்திடலாம். நோட்டரி முத்திரை ஒன்றுக்கு 50 டாலர் ஆகும்.

பதிவான பின், பத்திரத்தின் நகலை வாங்கித் தருவதாகப் பெருந்தொகை கேட்டு அரசுக் கடிதம் போன்ற தோற்றத்தில் தனியார் கடிதங்கள் வரும். அவற்றுக்குப் பணம் அனுப்பாதீர்கள். பதிவாளர் அலுவலகமே சிறு கட்டணத்தில் நகல் தரும். வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தைத் தெரிவித்து, டிரஸ்டையும் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள்.