பழைய பீங்கான் சுங்கானைப் புதுப்பிப்பது எப்படி?

நெதர்லாந்தின் கௌடா என்றதும் பலருக்குச் சீஸ்தான் ஞாபகம் வரும். ஆனால் 17ஆம் நூற்றாண்டிலேயே களிமண் சுங்கானுக்கு, அதாவது புகைபிடிக்கும் பைப்புக்குப் பெயர்போன ஊர் அது. 20ஆம் நூற்றாண்டில் கூடேவாகன், ஜெனித் ஆலைகள் அங்கே செய்த இரட்டைச் சுவர் பீங்கான் சுங்கான்கள் இன்றும் பழைய பொருள் விற்கும் இடங்களில் கிடைக்கின்றன.

இதன் உள்கட்டமைப்பு தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. கூழ்க் களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, ஓரத்தில் ஒட்டும் படலத்தை விட்டுவிட்டு மீதியை வடித்துவிடுவார்கள். இரண்டு மெல்லிய சுவர், நடுவே காற்று. அதனால்தான் கை அவ்வளவாகச் சுடாது. வெளிச்சுவரில் கிளேஸ் எனும் கண்ணாடி போன்ற பூச்சு உண்டு. உட்சுவரில் கிடையாது, புகையிலைப் புகையின் தார் முழுவதையும் அதுதான் குடித்து வைத்திருக்கும்.

படி 1: தட்டிப் பாருங்கள்

புகையிலை வைக்கும் கிண்ணத்தை நகத்தால் லேசாகச் சுண்டுங்கள். 'டிங்' என்றால் நல்லது. 'டொக்' என்றால் எங்கோ விரிசல் இருக்கிறது. விரிசல் விட்டதை அலமாரியில் வைக்கலாம், பற்றவைக்கக் கூடாது.

படி 2: வாய்க்குழலைக் கழற்றுங்கள்

கறுப்பு வாய்க்குழல் பெரும்பாலும் எபோனைட் என்ற கெட்டி ரப்பர். நேராக இழுக்காமல், திருகியபடியே இழுங்கள். அசையவில்லையா? இணைப்பில் இரண்டு மூன்று சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டுக் காத்திருங்கள். வெந்நீர், ஃப்ரீசர் இரண்டும் வேண்டாம்.

படி 3: கிண்ணத்தின் உள்ளே

மரச் சுங்கான் வீடியோ பார்த்துவிட்டு இதில் கை வைப்பவர்கள் கெடுப்பது இங்கேதான். கத்தியால் கரியைச் சுரண்டாதீர்கள், உட்சுவர் பெயர்ந்துவிடும். உப்பும் ஆல்கஹாலும் சேர்த்து ஊறவைக்கும் முறையும் மரத்துக்குத்தான். நுண்துளைகளுக்குள் போன உப்பு காயும்போது படிகமாகிப் பீங்கானை உதிர்க்கும்.

உள்ளே பஞ்சை அடைத்து, ஆல்கஹாலால் நனைத்து, இரவு முழுக்க விடுங்கள். காலையில் பஞ்சு டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும். பஞ்சை மாற்றி, நிறம் வெளுக்கும்வரை செய்யுங்கள். புகைப்பாதைக்கு ஆல்கஹால் தொட்ட பைப் கிளீனர், அதாவது பஞ்சிழை சுற்றிய மெல்லிய கம்பி. பக்கத்தில் நெருப்பு கூடாது.

அந்தக் காலத்தில் ஐரோப்பியச் சத்திரங்களில் வெறும் களிமண் சுங்கான்களை இரும்புச் சட்டத்தில் அடுக்கி நெருப்பில் வாட்டி வெளுப்பாக்குவார்கள். இரட்டைச் சுவருக்கு அது ஆகாது: இடையில் தங்கிய ஈரம் ஆவியாகி உடைத்துவிடும்.

படி 4: வெளிப்பக்கம்

ஈரத் துணி, ஒரு சொட்டு பாத்திர சோப்பு போதும். முக்கி எடுக்காதீர்கள். தங்கக் கோடு, கையால் வரைந்த படம் இருந்தால் தேய்க்கவே வேண்டாம்.

படி 5: எபோனைட்டுக்கு மெருகு

வெயில் பட்ட எபோனைட் பச்சை கலந்த பழுப்பாகிக் கந்தக வாடை அடிக்கும். 400 நம்பர் நீர் உப்புத்தாளில் தொடங்கி 800, 1500, 2000 என்று ஏறுங்கள். எப்போதும் ஈரமாகவே தேயுங்கள், தூசி மூக்கில் ஏறாது. பல் பதிந்த இடத்தில் அவசரம் வேண்டாம். கடைசியில் மினரல் ஆயில் தடவித் துடையுங்கள்.

படி 6: சில்லு பெயர்ந்திருந்தால்

அருங்காட்சியகங்களில் பீங்கான் ஒட்டப் பயன்படும் பாரலாய்டு பி-72 நல்ல பசை. பிடிக்காவிட்டால் அசிட்டோனில் கரைத்துப் பிரித்துவிடலாம். ஆனால் சுமார் 40 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும், ஆகவே ஒட்டியது காட்சிக்கு மட்டும்.

எல்லாம் நிழலில் நன்றாகக் காய்ந்தபின் வாய்க்குழலைத் திருகியபடியே பொருத்துங்கள். ஜன்னல் வெயில் படாத தட்டில் வைத்தால், உப்புத்தாளை மறுபடி எடுக்கும் வேலை பல வருஷத்துக்கு இருக்காது.