குருத்தோலையில் குருசு மடிப்பது எப்படி?

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்தோலை ஞாயிறு அன்று பூசை முடிந்த பத்தாவது நிமிடம் பிள்ளைகள் கையில் இருக்கும் ஓலை வாளாகிவிடும். அதற்கு முன்னால் குருசு, அதாவது சிலுவை, மடிக்க அவர்களைப் பிடித்து உட்கார வைத்துவிடுவேன். மறைக்கல்வி வகுப்பில் பன்னிரண்டு வருடமாக எனக்கு இதுதான் வேலை.

தென்னங்குருத்தே போதும். வெளிர்மஞ்சளாக, இளசாக இருக்கட்டும். பச்சை ஏறிவிட்டால் மடிக்கும்போது விரியும். நகத்தால் கீறி ஈர்க்கை உரித்தால் ஓர் ஓலையில் இரண்டு நாடா கிடைக்கும். முந்தின நாளே கிழித்தால் ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். ஒரு வருடம் மறந்துபோய் ஃபேனுக்கு அடியில் விட்டுவிட்டேன், விடிந்து பார்த்தால் எல்லாம் முறுக்கு மாதிரி சுருண்டு கிடந்தது.

இரண்டு சாண் நாடாவைச் சரிபாதியாக மடியுங்கள். மடிப்பு மேலே வரட்டும். இது நெடுமரம். குறுக்கு மரத்துக்கு ஒன்றரைச் சாண் நாடா எடுத்து, இரு முனையும் நடுவில் வந்து சேரும்படி மடித்து, நெடுமரத்தின் இரண்டு மடிப்புக்கும் இடையில் செருகுங்கள். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைத்தால் பார்க்க நன்றாக இருக்கும். அப்புறம் மெல்லிய நாடா ஒன்றால் நடுவில் பெருக்கல் குறி போல இறுக்கிச் சுற்றி, முனையைப் பின்னால் சொருகிவிடுங்கள். உரித்த ஈர்க்கை எறிந்துவிடாதீர்கள், சொருக அதுதான் ஊசி.

சுற்றும் நேரத்தில்தான் கேள்வி வரும். "நல்லவரைக் கொன்ன மரத்தை எதுக்கு டீச்சர் முத்தம் பண்றோம்?"

மழுப்பாமல் சொல்லுங்கள். ரோமர்கள் அடிமைகளையும் கலகக்காரர்களையும் அறைந்து கொன்ற மரம் அது. தூக்குக்கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொள்வதைப் போலத்தான் அன்றைக்கு அது தெரிந்திருக்கும். ரோமில் பாலத்தீன் குன்றில் ஒரு பழைய சுவர்க்கிறுக்கல் கிடைத்தது: சிலுவையில் கழுதைத் தலையோடு ஓர் உருவம், எதிரே ஒருவன், 'அலெக்சாமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்' என்று கிரேக்கத்தில் ஒரு கேலி. கிடைத்திருக்கும் மிகப் பழைய சிலுவைப் படங்களில் அதுவும் ஒன்று. நாம் முத்தமிடுவது மரத்தை அல்ல, அந்த அவமானத்துக்கு நமக்காக ஒத்துக்கொண்ட இயேசுவை. ஓலை பிடித்து 'ஓசன்னா' பாடி அவரை வரவேற்ற அதே எருசலேமில், அதே வாரம் வெள்ளிக்கிழமை அது நடந்தது. வரவேற்ற ஓலையையே சிலுவையாக மடிக்கிறோம் என்று சொன்னால் பெரிய பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

'பாவத்துக்கு விலை' என்று மட்டும் சொல்லி நான் நிறுத்துவதில்லை. அப்பாவைக் கடலில் இழந்த ஒரு பையன் ஒரு வருடம், "அவருக்கும் வலிச்சுதா?" என்று கேட்டான். வலித்தது, 'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்று கத்தினார், மாற்கு நற்செய்தியில் இருக்கிறது என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் நாடாவை இன்னும் இரண்டு சுற்று இறுக்கிச் சுற்றினான்.

மடித்த குருசை வீட்டில் சுரூபத்துக்கு (சாமி சிலைக்கு) பின்னால் செருகி வையுங்கள். குப்பையில் போட வேண்டாம். தவக்காலம் தொடங்கும் அடுத்த சாம்பல் புதனுக்கு முன்னால் கோவிலில் கொடுத்தால், அதை எரித்த சாம்பலால்தான் நெற்றியில் சிலுவை போடுவார்கள். ஸ்டேப்ளர் அடித்திருந்தால் பின்னைப் பிடுங்கிவிட்டுக் கொடுங்கள்.