வைக்கோல் வீடு கட்டுகிறீர்களா? சிமெண்ட் மூட்டையைத் தள்ளி வையுங்கள்

பெங்களூரில் சர்ஜாபூர், கனகபுரா சாலைப் பக்கம் மனை வாங்கிய நம்மவர்கள் சிலர் வைக்கோல் கட்டுகளை அடுக்கிச் சுவர் எழுப்ப ஆசைப்பட்டு யோசனை கேட்டு வருகிறார்கள். நல்ல ஆசை. ஆனால் தொடக்கத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசையாகச் செய்வதைப் பார்த்தால் மனசு பதறுகிறது. நனைந்த கட்டுகளை அடுக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

சிமெண்ட் பூச்சு

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. தர்மபுரிப் பக்கத்து மேஸ்திரி ஒருவர், கை சுத்தமான வேலைக்காரர், வீட்டுக்காரரிடம் சொன்னார்: "மண்ணு பூசினா மழையில கரைஞ்சிடும் சார். சிமெண்ட் போட்டுருவோம், கல்லு மாதிரி நிக்கும்." வீட்டுக்காரரும் தலையாட்டினார். மேலே தண்ணீர் புகாத பெயிண்ட் வேறு.

சிமெண்ட் பூச்சில் மயிரிழை விரிசல் வராமல் இருக்காது. சாரல் அதன் வழியே உள்ளே போகும். போன ஈரம் ஆவியாகி வெளியே வர வழியில்லை. வைக்கோலின் எடையில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சை பிடித்து மக்கத் தொடங்கும். அந்த வீட்டில் இரண்டு மழைக்காலம் போனதும் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே பழைய வைக்கோல் போர் வாடை அடித்தது. பூச்சைக் கொத்திப் பார்த்தோம். கறுத்துப்போன வைக்கோல் சாணி மாதிரி கையோடு வந்தது. அந்தப் பக்கச் சுவர் முழுவதையும் பிரித்துக் கட்ட வேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்து ஆர்தர் என்ற ஊரில் 1928-இல் கட்டிய வைக்கோல் தேவாலயம் இன்னும் நிற்கிறதே என்பார்கள். நிற்கிறது. அங்கே பெய்கிற மழை பெங்களூரில் பெய்வதில் ஏறக்குறைய பாதிதான்.

களிமண் கூழை முதலில் கையால் வைக்கோலுக்குள் அழுத்தித் தேயுங்கள். அப்புறம் நறுக்கிய வைக்கோல் கலந்த மண் பூச்சு, காய்ந்ததும் மேலே சுண்ணாம்பு. இந்தச் சுவர் மூச்சு விடும். சுண்ணாம்பைச் சில வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அந்த வேலைக்கு மனசு இல்லாதவர்கள் செங்கல்லிலேயே கட்டிக்கொள்ளலாம். ஜன்னல் அடிக்கட்டையை வெளிப்பக்கம் சரித்து, அதன் கீழே தண்ணீர் இறங்காதபடி தகடு வையுங்கள். நீண்ட ஊசி வைத்த ஈரமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மழை ஓய்ந்ததும் ஜன்னல் கீழும் சுவர் அடியிலும் குத்திப் பாருங்கள்.

உருண்டைக் கட்டு

அறுவடைக்குப் பின் வயலில் கிடக்கும் உருண்டைக் கட்டு மாட்டுக்குச் சரி, சுவருக்கு ஆகாது. செவ்வகக் கட்டுதான் வேண்டும், அதுவும் விரல் நுழையாத இறுக்கத்தில். அறுவடைக்கு முன்பே சொல்லி வையுங்கள். நெல்மணி தங்கிய கட்டு எலியை வரவழைக்கும்.

குட்டை பேஸ்மட்டம், குட்டைக் கூரை

ஒன்றரை அடி உயர்த்துங்கள். கூரை இரண்டடியாவது வெளியே நீளட்டும்.

சுவருக்குள் தண்ணீர்க் குழாய்

கூடவே கூடாது.

கூரையை மறப்பது

வெப்பத்தைத் தடுக்க வேண்டுமென்று சுவருக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு மேலே வெறும் தகரம் போடுகிறார்கள். ஏப்ரல் கடைசியில் பெங்களூரில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும், வெப்பம் பெரும்பாலும் மேலிருந்துதான் இறங்கும். தகரத்துக்கும் உட்கூரைக்கும் நடுவே காற்று ஓட இடைவெளி விடுங்கள், உட்கூரைமேல் வெப்பம் தடுக்கும் அடுக்கு போடுங்கள். காசு இடித்தால் வைக்கோல் சுவரை வெயில் அடிக்கும் மேற்குப் பக்கம் மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கூரைக்குச் செலவழியுங்கள்.