முதலில் மாங்காய், அப்புறம் ஸ்வெட்டர்

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிருக்கு ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. வீட்டில் பின்னல் மெஷின் வைத்திருப்பவர்கள் டிசைனாநிட் போன்ற, பின்னல் டிசைன் வரையும் மென்பொருளைக் கற்க, மெனு மெனுவாகப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். சின்ன வேலை ஒன்றைக் கையில் எடுங்கள். நம்ம கிருஷ்ணகிரிக்கு ஏற்றது, குழந்தையின் மஃப்ளரில் மாங்காய் டிசைன்.

வரைவதற்கு முன், அதே நூலில், அதே டென்ஷனில் (நூல் இறுக்கத்தில்) மாதிரித் துண்டு ஒன்று பின்னுங்கள். மெஷினில் எடை மாட்டி இழுத்திருப்பதால் கழற்றியவுடன் அளக்கக் கூடாது. அலசிக் காயவைத்து, ஒரு ராத்திரி விட்டு அளங்கள். 10 செ.மீ.க்கு 30 கண்ணி (தையல்), 42 வரிசை வருகிறது என்று வையுங்கள். அப்படியானால் 24 கண்ணி அகலம் 8 செ.மீ.; 24 வரிசை உயரமோ 5.7 செ.மீ. தான். சதுரக் கட்டத்தில் அழகாக இருந்த மாங்காய் துணியில் சப்பையாகிவிடும். இந்த அளவுகளை மென்பொருளில் கொடுத்தால் கட்டமே கண்ணியின் வடிவத்துக்கு மாறும். 34 வரிசைக்கு நீட்டி வரையுங்கள், சரியாக வரும். துளையிட்ட அட்டை வைத்து டிசைன் போடும் பஞ்ச் கார்டு மெஷினில் டிசைனின் அகலத்துக்குப் பெரும்பாலும் 24 கண்ணிதான் எல்லை, அதற்குள் அடக்குங்கள்.

இரண்டு நிறம் என்றால் பின்பக்கத்தையும் கவனிக்க வேண்டும். ஒரே நிறம் ஐந்தாறு கண்ணிக்கு மேல் தொடர்ந்தால் மற்ற நூல் பின்னால் தொங்கும், குழந்தையின் விரல் மாட்டும். மாங்காய்க்குள் அங்கங்கே புள்ளி வையுங்கள், பார்க்கவும் அழகு.

மஃப்ளர் முடிந்ததும் கையில்லாத ஸ்வெட்டருக்குப் போகலாம். கழுத்து, கை வளைவுகளைக் கணக்கிடும் பகுதியை அப்போது திறந்தால் போதும்.