வேலூர் மொட்டை மாடியும் வெளிநாட்டு ஆன்டெனாக்களும்: ஒரே அட்டவணையில் வானம் பார்க்க

இரண்டு மூன்று நாட்டு நண்பர்கள் சேர்ந்து ஆளுக்கொரு சின்ன ரேடியோ ஆன்டெனாவில் ஒரே பொருளைப் பார்ப்பது என்று முடிவானதும் பேச்சு நேராக ஆம்ப்ளிஃபயருக்குப் போய்விடும். அது அப்புறம். எல்லாரும் ஒரே நேரத்தில் பார்த்தே ஆக வேண்டுமா, இல்லை அவரவர் முறை வரும்போது பார்த்தால் போதுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

பால்வீதியின் ஹைட்ரஜன் வாயு அனுப்பும் ரேடியோ அலை (1420.4 மெகாஹெர்ட்ஸ்) எங்கும் ஓடிவிடாது. சிக்னஸ் விண்மீன் கூட்டத்துப் பகுதி காட்பாடியில் உச்சிக்கு வந்து கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் கழித்துத்தான் ஜெர்மனியின் பான் நகரில் உச்சிக்கு வரும், இருவரும் அவரவர் உச்சி நேரத்தில் பதிந்தால் போதும். சூரிய ரேடியோ வெடிப்பு அப்படியில்லை, சில வகைகள் நொடிகளில் முடிந்துவிடும். அதற்கு இரண்டு ஊரிலும் பகலாக இருக்க வேண்டும். டிசம்பரில் அந்த இடைவெளி நம் நேரத்துக்கு மதியம் 1 மணியிலிருந்து மாலை 6-க்குக் கொஞ்சம் முன்பு வரைதான்.

அட்டவணையில் யுடிசி (உலகம் முழுதுக்கும் பொதுவான நேரம்) தவிர வேறு நேரம் வரவே கூடாது. நம் நேரத்தில் ஐந்தரை மணி நேரத்தைக் கழிக்க எல்லாருக்கும் தெரியும், ஆனால் ஞாயிறு விடியற்காலை 3 மணி என்பது யுடிசியில் சனிக்கிழமை 21:30 என்பதில்தான் பலர் கோட்டை விடுவார்கள். ஐரோப்பாவில் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் கடிகாரத்தை மாற்றுவார்கள், அமெரிக்காவில் மாற்றும் தேதியே வேறு, அதனால் "உங்க ஊர் எட்டு மணி" என்று வாட்ஸ்அப்பில் பேசி முடிப்பது வேலைக்கு ஆகாது. போன மாத அட்டவணையையும் அப்படியே எடுக்காதீர்கள்: விண்மீன்கள் தினம் நான்கு நிமிடம் முன்னதாக வரும், ஒரு மாதத்தில் இரண்டு மணி நேரம் தள்ளிவிடும்.

வெகு தூரத்தில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கிகளின் சிக்னல்களை இணைத்து ஒரே பெரிய தொலைநோக்கிபோல் ஆக்குவதுதான் வி.எல்.பி.ஐ. ஐரோப்பிய வி.எல்.பி.ஐ. வலையமைப்பில் ஒரே அட்டவணைக் கோப்புதான் எல்லாத் தொலைநோக்கிக்கும் போகும். அந்தப் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒருவர் மட்டும் திருத்தட்டும். அவர்கள் நம்புவது ஹைட்ரஜன் மேசர் என்ற மிகத் துல்லியமான அணுக் கடிகாரத்தை. நம் லேப்டாப்பின் இணைய நேரம் அதன் கால்தூசி பெறாது. சிக்னல்களை இணைக்கும் ஆசையை விட்டுவிட்டு, அவரவர் பதிவை ஒப்பிடுவதோடு நில்லுங்கள்.

நம் ஊருக்கென்று இரண்டு வேலை உண்டு. வேலூர்க் கோட்டைப் பக்கம் இருந்தால் கிழக்கே மலை மறைக்கும், ஆகவே எந்தத் திசையில் எத்தனை டிகிரி வரை வானம் இல்லை என்று செல்போன் சாய்வுமானியால் அளந்து அட்டவணைக்காரருக்குக் கொடுங்கள். அப்புறம் கரண்ட். பராமரிப்பு மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிட்டுத் தேதி கொடுங்கள், இன்வெர்ட்டரை நம்பாமல் ரிசீவரை பேட்டரியில் ஓட்டுங்கள், இன்வெர்ட்டரே இரைச்சலைக் கொட்டும்.

தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஆன்டெனாவைத் தரையை நோக்கி ஒரு நிமிடம், வெற்று வானத்தை நோக்கி ஒரு நிமிடம் வைத்துப் பதியச் சொல்லுங்கள். சித்திரை வெயிலில் ஆம்ப்ளிஃபயர் சூடேறி அளவு இறங்கினால் அந்தப் பதிவு காட்டிக்கொடுத்துவிடும்.