பழைய துறை நண்பர்களைத் தேடிப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்கலைக்கழகத்தில் பகுதி நேரமாகப் பாடம் நடத்த வருகிறவர்கள் முதலில் தேடுவது பழைய ஆட்களைத்தான். ஒன்றாக எம்.ஃபில். படித்தவர், ஒரே துறையில் வேலை பார்த்தவர், கொடை கொடையாக, அதாவது ஒவ்வொரு கோயில் திருவிழாவுக்கும், டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு கூடவே அலைந்தவர். நல்ல காரியம். ஆனால் மக்களின் கதை, பாட்டு, சடங்குகளை ஆராயும் நாட்டார் வழக்காற்றியலில் எங்கள் தலைமுறை செய்த தவறுகளைத்தான் இப்போது வருகிறவர்களும் செய்கிறார்கள். எடுத்த எடுப்பிலேயே வேலை கேட்பது போன்றவை எல்லாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

பழைய விளி

அன்று இளையவராக இருந்தவர் இன்று துறைத் தலைவர். மாணவர்கள் நிற்கும் வராந்தாவில் அவரை "மக்கா" என்று கூப்பிடாதீர்கள். வீட்டுக்குப் போய்க் கூப்பிடுங்கள், மகிழ்ந்துபோவார்.

சேர்ந்து எடுத்த பதிவைத் தனிச் சொத்தாக்குவது

இதை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அகஸ்தீஸ்வரம், தோவாளை வட்டாரக் கொடைகளில் வில்லுப்பாட்டைப் பதிவு செய்ய நாங்கள் இரண்டு பேராகத்தான் போவோம். ஒருவர் கருவியைக் கவனிப்பார். மற்றவர், பாடுகிற புலவர் யார், குடம் அடிப்பவர் யார், கதை எந்த இடத்தில் நின்றது, யாருக்குச் சாமி வந்தது என்று நோட்டில் எழுதுவார். பிறகு நாடாவைத் திருப்பித் திருப்பிப் போட்டு வரிவரியாக எழுதியெடுப்பது மாதக்கணக்கான வேலை. வில்லில் கட்டிய மணிகளின் சத்தமும் உடுக்கையும் குரலை மூடிவிடும். ஒரு சொல்லுக்காக ஒரு மாலை முழுவதும் போகும்.

என்னோடு அப்படி வந்த ஒருவர் பல ஆண்டுகள் கழித்துப் பகுதி நேர ஆசிரியராகத் திரும்பி வந்தார். நாங்கள் இருவரும் எழுதியெடுத்த சுடலைமாடன் கதைப் பகுதியைத் தன் பெயரில் மட்டும் கட்டுரையாக்கி, அச்சான பிறகு போன் செய்தார். "அண்ணாச்சி, பார்த்தீர்களா?" என்று கேட்ட குரலில் உண்மையான சந்தோஷம் இருந்தது. அவர் மனத்தில் கள்ளம் இல்லை என்பது எனக்குத் தெரியும். எரிச்சல் அதனால்தான் அடங்க மறுக்கிறது. என் பெயர் விடுபட்டதைக்கூட மறந்துவிடலாம். பாடிய புலவரை வெறும் "தகவலாளி" என்று குறிப்பிட்டிருந்தார். அதைக் கேள்விப்பட்ட புலவரின் மகன், வீட்டிலிருக்கும் பாட்டு ஏடுகளை இனி யாருக்கும் காட்டுவதில்லை என்று சொல்லிவிட்டார். அந்தக் கதவு இன்றுவரை திறக்கவில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகள், பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்திருப்பதற்குத் தண்டனை விதிப்பதில்லை. மென்பொருள் காட்டும் எண் சிறியதாக இருந்தால் போதும் என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். அச்சேறாத கையெழுத்து நோட்டை எந்த மென்பொருள் படித்திருக்கிறது? பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தம், நிகழ்த்தும் கலைஞருக்குத் தன் பெயரைக் குறிப்பிடச் சொல்லும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. வில்லுப்பாட்டுப் புலவரும் கலைஞர்தான்.

எழுதத் தொடங்கும் முன்பே நண்பரை நேரில் பாருங்கள். பதிவு யாருடையது, எழுதியெடுத்தது யார், பாடியது யார் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நண்பர் காலமாகியிருந்தால் அவர் குடும்பத்தாரிடம் கேளுங்கள். ஒலிப்பதிவின் ஒரு பிரதியைப் புலவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள். கட்டுரை ஆறு மாதம் தள்ளிப்போனால் போகட்டும்.

இரவல் வழிகாட்டி

யு.ஜி.சி.யின் 2022-ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிகளின்படி நிரந்தர ஆசிரியர்தான் வழிகாட்டியாக இருக்க முடியும். நண்பரின் பெயரை இரவல் வாங்கிக்கொண்டு நீங்கள் நெறிப்படுத்தினால், பின்னால் கையெழுத்துக்கு அலையப்போவது அந்த மாணவர்.

நண்பரின் அறையிலேயே குடியிருப்பது

வேண்டாம்.

தவறான நேரத்தில் போவது

செமஸ்டர் தொடங்கும் வாரத்தில் துறைக்குள் யாருக்கும் பேச நேரம் இருக்காது. விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போங்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம், திருநெல்வேலி என்று எல்லாப் பக்கத்து ஆட்களும் அங்கே வருவார்கள். தேநீர் இடைவேளையில் தாராளமாகப் பேசலாம்.