ஆமணக்குப் பிண்ணாக்கை நாயும் பன்றியும் தொடாமல் வைப்பது எப்படி?

தென்னை ஓலை விசிறி போல வெட்டுப்பட்டு விரிந்தால் காண்டாமிருக வண்டு குருத்தைக் கடித்திருக்கிறது என்று அர்த்தம். அதைப் பிடிக்க ஒரு கிலோ ஆமணக்குப் பிண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் கரைத்து, மண்பானையில் ஊற்றித் தோப்பில் வைப்போம். புளித்து நாறும்போது வண்டு தானாக வந்து விழும்.

அந்த நாற்றத்துக்கு நாயும் கீரியும் வரும். களக்காடு, பாபநாசம், கடையம் போன்ற மலையடிவாரத் தோப்பு என்றால் காட்டுப்பன்றியும் கரடியும் இறங்கும். ஆமணக்கில் உள்ள ரிசின் என்ற விஷம் எண்ணெயோடு போகாமல் பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. அதற்கு மாற்றுமருந்து கிடையாது. பக்கத்துத் தோப்பில் பம்புசெட் அறைக்குள் சாத்தி வைத்திருந்த சாக்கைக் காவல் நாய் கிழித்துத் தின்றது. ரத்தமாகக் கழிந்து இரண்டே நாளில் செத்துப்போனது. வெறும் பிண்ணாக்குதானே என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம்.

முதலில், அந்தத் தடவைக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள். மிச்சம் இருந்தால்தான் பத்திரப்படுத்தும் கவலை.

அடுத்து டிரம். சாக்கு, ஓலைப்பெட்டி, மூடி தளர்ந்த பக்கெட் எதுவும் ஆகாது. இரும்பு வளையம் போட்டு இறுக்கும் மூடியுள்ள நீல டிரம் ஒன்று வாங்குங்கள். பிண்ணாக்கைத் தடித்த பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, அந்தப் பையை டிரம்முக்குள் வையுங்கள். அள்ளும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூசி சிலருக்கு மூச்சுத்திணறல் தரும்.

மூன்றாவது, வைக்கும் இடம். இதில்தான் பெரிய தவறு நடக்கிறது. கடலைப் பிண்ணாக்கும் எள்ளுப் பிண்ணாக்கும் மாட்டுத்தொழுவத்தில் இருக்கிறது, இதையும் அங்கேயே வைப்போம் என்று வைத்துவிடுகிறோம். அவசரத்தில் யாராவது மாற்றி அள்ளித் தொட்டியில் கரைத்துவிட்டால் மாடே போய்விடும். தொழுவத்துப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பூட்டுப் போட்ட வேறு அறையில், மேடையில் ஏற்றி வையுங்கள். டிரம்மைச் சுற்றிச் சிவப்புப் பெயின்டால் பட்டை அடியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத வேலையாளுக்கும் அது புரியும்.

அப்புறம் பானை. வீட்டில் கரைத்துத் தூக்கிப்போக வேண்டாம், வழியில் சிந்தும். தோப்பிலேயே கரையுங்கள். பானையைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து, வாயில் இரண்டு அங்குலக் கண் உள்ள கம்பிவலையைக் கட்டி, ஓரங்களில் கல் வையுங்கள். வண்டு நுழையும், நாயின் வாய் நுழையாது. குரங்கோ கரடியோ நடமாடும் தோப்பில் பானையே வேண்டாம் என்பேன். அங்கே இனக்கவர்ச்சிப் பொறி, அதாவது வண்டின் வாசனையை வைத்தே வண்டை இழுத்துப் பிடிக்கும் பொறி போதும்.

பழைய கரைசலை எருக்குழியில் கொட்டாதீர்கள், நாய் கிளறும். முழங்கால் ஆழக் குழியில் ஊற்றி, மண்ணை மிதித்து மூடி, மேலே உடைமுள்ளைப் போடுங்கள். காலிப் பையும் வெளியே கிடக்கக் கூடாது.

நாயோ மாடோ தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால், வாந்தி, கழிச்சல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அறிகுறி தெரிய ஒரு நாள்கூட ஆகலாம். கால்நடை அவசர உதவி எண்ணான 1962க்குப் போன் செய்யுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்கோ திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ உடனே கொண்டுபோங்கள். தின்ற பிண்ணாக்கில் ஒரு பிடியைப் பையில் கட்டி எடுத்துப்போனால் டாக்டர் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.